மூன்று நிமிடக் கணக்கு

ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் என்று வை.
ஆளைத் தேட ஒன்று,
கோட்டுப் பொத்தானைப் போட ஒன்று,
மிச்ச ஒன்றுக்குள்
யாரும் கண் சிமிட்டாத நொடியை
நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டிலேயே கெர்த்துவிடம் சொன்னேன் இதை.
அவள் நீட்டிய பட்டியலில் பதினெட்டு வரி.
ஐம்பத்து நாலு நிமிடம்.
நவம்பரில் ஹியூமா தீவில்
நாலேகாலுக்கெல்லாம்
சூரியன் கடையைக் கட்டிவிடும்,
பேரம் பேச முடியாது.

மாப்பிள்ளை தானெலின் பக்கம் சுலபம்.
பதினோரு பேர்; ஒரே அச்சில் சுட்ட ரொட்டிகள்,
உயர வரிசையில் தாமாகவே நின்றுகொள்வார்கள்.
அவள் பக்கத்தில்
பன்னிரண்டாம் வரி, அம்மாவுடன்.
பதின்மூன்றாம் வரி, அப்பாவுடன்.
நடுவில் பத்து நிமிடம், பெயரில்லாமல்.
"இது எதற்கு?"
"ஒருவர் போய் ஒருவர் வர" என்றாள்,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே.

அன்றைக்கென்று காற்று.
ஒரு மணிக் கப்பல் கிளம்பவில்லை.
அக்கரையிலிருந்து ஹெல்துர் அனுப்பிய செய்தி:
கப்பல் நிற்கிறது. நானும்.

பூஹலெப்பா தேவாலயத்தில் மணி அடித்தது.
கெர்த்து தனியாகவே நடந்து வந்தாள்,
கையை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல்
பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்து.

பிறகு நான் பட்டியலைக் கலைத்தேன்.
கடைசி வரி முதலில்,
நாய் இருக்கும் படம் நாய் இருக்கும்போதே.
எண்டெல் மாமாவைத் தேடி ஒன்பது நிமிடம் போயிற்று,
கல்லறைச் சுவரோரம்
யாரோ ஒருவரிடம் உருளைக்கிழங்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.
பன்னிரண்டாம் வரியில்
ஊர்வே மகளின் காலரைச் சரிசெய்தாள்,
சரியாக இருந்த காலரை.
நாலு பத்துக்கு எல்லா வரியிலும் கோடு விழுந்தது,
ஒன்றைத் தவிர.

விருந்துக் கூடத்துக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.
சூப் ஆறுகிறதென்று இரண்டு முறை ஆள் வந்தது.
கெர்த்து மணப்பெண் உடைமேல்
தானெலின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
சாலையையே பார்த்து நின்றாள்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
என் தொழில் அது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தார் ஹெல்துர்,
தலைமுடியில் கடலுப்பு,
பின்னால் குடையோடு லாக்லெ, அவருடைய இப்போதைய மனைவி.
வெளிச்சம் சாம்பலாகியிருந்தது.
ஃபிளாஷ் போட்டால் தூறலின் ஒவ்வொரு துளியும்
பொரியாய் வெடித்து முகத்தை மறைக்கும்.
"நாளைக்கு எடுக்கலாமா?" என்றேன்.
நாளைக்கு இந்த உடை இருக்கும்,
இந்த நாள் இருக்காது.
யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போது மரத்தடியில் நின்ற பழைய வால்வோ
மெல்லத் திரும்பியது.
மகளைக் கூடத்துக்கு அழைத்துப்போக
இவ்வளவு நேரமும் உள்ளே இருந்திருக்கிறாள் ஊர்வே.
என்ஜினை அணைத்தாள்.
முகப்பு விளக்கு இரண்டையும் போட்டாள்.
இறங்கவில்லை.

ஹெல்துர் கண்மேல் கை வைத்துக்
கூசிக்கொண்டே சிரித்தார்,
யார் வண்டி என்று தெரியாமலோ, தெரிந்தோ.
எடுத்துவிட்டேன்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
படத்தில் அப்பா, மகள்,
சேறு பிடித்த உடையின் ஓரம்,
சுண்ணாம்புச் சுவரில் இரண்டு நீள நிழல்.
படத்தில் இல்லாதவளின் வெளிச்சம்.

கேமராவைத் துடைத்துப் பையில் வைத்தேன்.
வால்வோ கிளம்பவில்லை.
பிற்பகல் முழுக்க ஹீட்டரும் ரேடியோவும் குடித்த பேட்டரியை
விளக்கு முடித்துவைத்திருந்தது.
ஹெல்துர் தன் வண்டியை எதிரே கொண்டுவந்து நிறுத்தி
டிக்கியிலிருந்து கேபிளை எடுத்தார்.
திறந்த பானெட்டுக்குக் கீழே
இரண்டு தலைகள் குனிந்தன.
லாக்லெ குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தாள்.

"சிவப்பு இங்கே."
"தெரியும்."

கெர்த்து என்னைப் பார்த்தாள்.
நான் பையைப் பார்த்தேன், ஜிப் போட்டிருந்தது.
பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை.

மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.
இரண்டாம் முறைதான்
என்ஜின் பிடித்தது.